துபாய் பள்ளி வேலை: மாதம் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு

துபாயில் ஒரு பள்ளி நேர்காணல் முடித்து ஆஃபர் லெட்டர் அனுப்பியதும் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வது ஒன்றே. மொத்தத் தொகையை ரூபாயில் பெருக்கிப் பார்த்து, இப்போது வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தப் பெருக்கலை ஒத்திவையுங்கள். திர்ஹமில் சம்பாதித்து திர்ஹமில் செலவு செய்யப் போகிறீர்கள். மாதக் கடைசியில் எது மிஞ்சுகிறதோ அதை மட்டும் ரூபாயாக மாற்றினால் போதும்.

முதலில் சம்பளப் பிரிவைப் பாருங்கள். மொத்தம் 8,000 திர்ஹம் என்று இருக்கும் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 4,000, வீட்டுப்படி 3,000, போக்குவரத்துப்படி 1,000 என்று பிரித்திருப்பார்கள். இன்னொரு பள்ளி அதே 8,000-இல் 6,000-ஐ அடிப்படையாக வைத்திருக்கும். மாதாமாதம் கைக்கு வருவது இரண்டிலும் ஒன்றுதான். வேலையை விடும்போது வித்தியாசம் தெரியும். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கும் அமீரகத் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள் அடிப்படைச் சம்பளமும் பணிக்கொடையாக உண்டு. படிகள் இதில் சேராது. 4,000-ஐ 30-ஆல் வகுத்து 21-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 2,800, ஐந்து ஆண்டில் 14,000. 6,000 என்றால் ஆண்டுக்கு 4,200, ஐந்து ஆண்டில் 21,000.

வித்தியாசம் 7,000 திர்ஹம். 60 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் சுமார் 117 வரும். பேரம் பேசும்போது இந்த எண் கைகொடுக்கும். அடிப்படையை உயர்த்த முடியாது என்று பள்ளி சொன்னால், மொத்தத்தில் மாதம் 200 கூட்டிக் கேளுங்கள். கிடைத்தால் உங்களுக்கு லாபம். அடிப்படை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக நல்ல வேலையை உதறிவிடத் தேவையில்லை. ஆனால் கட்டாய வேலையிழப்புக் காப்பீட்டிலும் இதே அடிப்படைதான் அளவுகோல் என்பதை நினைவில் வையுங்கள். அடிப்படை 16,000 வரை உள்ளவர்கள் மாதம் 5 திர்ஹமும் வரியும் கட்ட வேண்டும். 12 மாதம் கட்டியிருந்து, நிர்வாகம் வேலையை விட்டு எடுத்தால், அடிப்படையில் 60 சதவீதம் அதிகபட்சம் மூன்று மாதத்துக்குக் கிடைக்கும். தானே ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. பள்ளி சேர்த்துவிடும் என்று நினைத்து இதில் சேராமல் விட்டவர்களுக்கு 400 திர்ஹம் அபராதம் விழுகிறது.

அடுத்தது வீடு. பல குடும்பங்களின் கணக்கு கவிழ்வது இங்கேதான். துபாயில் வாடகை ஆண்டுக் கணக்கு. முன்தேதியிட்ட காசோலைகளாக ஒன்று, இரண்டு அல்லது நான்கு கொடுக்க வேண்டும். ஆண்டு வாடகை 48,000, நான்கு காசோலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் வாரத்தில் போக வேண்டியவை: முதல் காசோலை 12,000, அறைகலன் இல்லாத வீட்டுக்கு 5 சதவீத முன்பணம் 2,400, தரகருக்கு வழக்கமான 5 சதவீதம் 2,400, அதன் மேல் வரி 120, மின்சாரம் தண்ணீருக்காகத் தேவா அமைப்பிடம் கட்டும் வைப்புத்தொகை 2,000, வாடகை ஒப்பந்தத்தை அரசிடம் பதியும் எஜாரிக்கு இருநூறு சொச்சம். கூட்டினால் 19,000-ஐத் தாண்டும். முதல் சம்பளம் வரும் முன்பே இது வேண்டும். கட்டில், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் இதற்கு மேல். பிறகு மாதாமாதம் தேவா பில்லில், ஆண்டு வாடகையில் 5 சதவீதம் வீட்டு வரியாகப் பன்னிரண்டு தவணையில் ஏறும். 48,000-க்கு மாதம் 200. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

அதனால்தான் "7,000 ரொக்கம், வீடு பள்ளி தரும்" என்ற கடிதத்தை "எல்லாம் சேர்த்து 10,000" என்ற கடிதத்தைவிடக் குறைவாக எடைபோடக் கூடாது. இரண்டாவதில் வாடகை 4,000, வீட்டு வரி 200 போனால் மிச்சம் 5,800. அதிலிருந்துதான் மின்கட்டணம். முதலாவதில் 7,000 அப்படியே நிற்கிறது. ஆனால் பள்ளி தரும் வீட்டைப் பற்றி மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: தனி வீடா, இன்னோர் ஆசிரியரோடு பகிர வேண்டியதா, குடும்பம் வந்தால் மாற்றித் தருவார்களா, அல்லது அதற்கு ஈடான படியா, மின்சாரம், தண்ணீர், இணையம் யார் பொறுப்பு. தொலைபேசியில் "பார்த்துக்கலாம் மேடம்" என்று சொன்னது ஆகஸ்ட் வெயிலில் வந்து இறங்கியபின் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கணவரின் விசாவில் ஏற்கெனவே அங்கே இருக்கும் ஆசிரியைகளை உள்ளூர் நியமனமாக எடுத்து, வீட்டுப்படியும் விமான டிக்கெட்டும் இல்லாமல் ஒப்பந்தம் போடுவது பரவலான வழக்கம். அதே பாடம், அதே வகுப்பு, குறைந்த தொகை. கணவருக்கு அவர் கம்பெனி வீடு தருகிறது என்றால் இது பொருந்தலாம். தரவில்லை என்றால் வெளிநாட்டிலிருந்து எடுக்கும் ஆசிரியருக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டு, அதை முன்வைத்துப் பேசுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

குடும்பத்தை அழைக்க உங்கள் சம்பளம் 4,000 திர்ஹம், அல்லது 3,000-உம் தங்குமிடமும் இருக்க வேண்டும். துபாயில் உங்கள் மருத்துவக் காப்பீடு பள்ளியின் கடமை. வாழ்க்கைத்துணைக்கும் குழந்தைகளுக்கும் பள்ளி தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஸ்பான்சர் என்ற முறையில் நீங்கள் எடுக்க வேண்டும். குழந்தைகளின் பள்ளிக் கட்டணச் சலுகை பெரும்பாலும் பயிற்றுக் கட்டணத்துக்கு மட்டும்தான். பஸ், புத்தகம், தேர்வுக் கட்டணம் தனி. எத்தனை குழந்தைக்கு, எத்தனை சதவீதம், இடமில்லாவிட்டால் என்ன என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

சவூதியையும் சேர்த்து யோசிப்பவர்களுக்கு இரண்டு விஷயம். அங்கே உடன் வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் கட்டணம் உண்டு. மனைவியும் இரண்டு குழந்தைகளும் என்றால் மாதம் 1,200. பள்ளி ஏற்கிறதா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இரண்டாவது, அங்கே ராஜினாமா செய்தால் பணிக்கொடை வெட்டுப்படும்: இரண்டு ஆண்டுக்குள் ஒன்றுமில்லை, இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து பத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு. அமீரகத்தின் புதிய சட்டத்தில் இந்த வெட்டு இல்லை.

இனி காகிதம். பட்டச் சான்றிதழை முதலில் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். லேமினேட் செய்திருந்தால் வேலை அங்கேயே நிற்கும். அட்டெஸ்டேஷன் என்பதே சான்றிதழின் பின்பக்கத்தில் ஒன்றன்பின் ஒன்றாக விழும் முத்திரைகள்தான். பிளாஸ்டிக்கின் மேல் யாரும் முத்திரை குத்த மாட்டார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா அன்றைக்கே லேமினேட் போட்டு வைத்த சான்றிதழ்கள் நம் ஊரில் ஏராளம். வீட்டில் சூடுகாட்டி உரிக்காதீர்கள். மை பிளாஸ்டிக்கோடு சேர்ந்து வந்துவிடும். உரித்துத் தரும் ஆட்களிடம் கொடுங்கள், அல்லது பல்கலைக்கழகத்தில் நகல் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இதற்கே மாதக்கணக்கில் ஆகலாம்.

ஒரே முத்திரையை உறுப்பு நாடுகள் எல்லாம் ஏற்கும் அப்போஸ்தில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லாததால் முத்திரை வரிசை நீளம். பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சரிபார்ப்பு, மாநில உயர்கல்வித் துறை, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், கடைசியாக அமீரகம் போனபின் அங்குள்ள வெளியுறவு அமைச்சகம். கடைசி முத்திரைக்கு ஆவணம் ஒன்றுக்கு 150 திர்ஹம். மாநிலக் கல்வித் துறையைத் தாண்டி, டெல்லியில் எஸ்டிஎம் (கோட்டாட்சியர் நிலை அதிகாரி) முத்திரையோடு சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று சில முகவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கு எந்த முத்திரை வேண்டும் என்று மின்னஞ்சலில் கேட்டு வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். பி.எட். தொலைநிலையில் படித்திருந்தால் அதையும் முதல் நேர்காணலிலேயே சொல்லிவிடுங்கள். துபாயில் பள்ளிகளைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் கட்டத்தில் தெரியவந்தால் இங்கே வேலையை விட்டுவிட்டு நடுவழியில் நிற்க நேரும்.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இனிஷியல். சான்றிதழில் "எஸ். கவிதா", பாஸ்போர்ட்டில் "கவிதா செல்வராஜ்", திருமணத்துக்குப் பின் புதுப்பித்ததில் கணவர் பெயர். மூன்றும் ஒருவரே என்பதற்குப் பிரமாணப் பத்திரமோ அரசிதழ் அறிவிப்போ கையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே சரிசெய்யுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு அமீரகம் 2022 நவம்பர் முதல் பார்வையாளர் விசா தருவதில்லை. பின்னால் பெற்றோர் பார்க்க வரும்போது இது அவர்களையும் பிடிக்கும். குடும்பத்தை அழைக்கும் எண்ணம் இருந்தால் திருமணச் சான்றிதழையும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழையும் புறப்படும் முன்பே முத்திரையிட்டு முடியுங்கள். கோயிலிலோ தேவாலயத்திலோ கொடுத்த சான்று செல்லாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேண்டும்.

விசாவுக்கோ நியமனத்துக்கோ பள்ளி உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. அமீரகச் சட்டமே தடுக்கிறது. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அமீரக மனிதவள அமைச்சகத்தின் வேலைக் கடிதத்தைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம். பள்ளி முதலில் அனுப்பிய கடிதத்தில் இருந்த சம்பளப் பிரிவும் இதில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். பின்னால் பணிக்கொடைத் தகராறு வந்தால் அமைச்சகம் பார்ப்பது இந்தக் கடிதத்தைத்தான்.

புறப்படும் தேதிக்கும் வருமான வரிக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேலைக்காக வெளிநாடு செல்லும் இந்தியர், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாக இந்தியாவில் இருந்தால்தான் வரிக் கணக்கில் குடியிராதவர் (என்ஆர்ஐ). ஆகஸ்ட் 15-இல் விமானம் ஏறினால் ஏப்ரல் 1 முதல் 137 நாள். டிசம்பரில் மூன்று வாரம், மார்ச்சில் இரண்டு வாரம் ஊருக்கு வந்தால் 172. இன்னும் ஒன்பது நாள்தான் கைவசம். மார்ச் விடுமுறையில் தங்கையின் கல்யாணத்துக்காக இரண்டு வாரம் கூடுதலாக இருந்தால் அந்த ஆண்டின் துபாய்ச் சம்பளம் முழுவதும் இங்கே வரிக்கு உட்படும். அங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. அக்டோபரில் வந்து சேரச் சொல்லும் பள்ளியிடம் இதைச் சொல்லி செப்டம்பர் தேதி கேட்டுப் பார்க்கலாம்.

சம்பளம் முதலில் அங்குள்ள வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாடுவாழ் இந்தியரின் உள்ளூர் வருமானத்துக்கான என்ஆர்ஓ-வாக மாற்றுவது கட்டாயம். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்குத் தனியாக என்ஆர்இ கணக்கு திறங்கள். என்ஆர்இ வட்டிக்கு வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே உள்ள பிபிஎஃப் கணக்கைப் பதினைந்தாண்டு முடியும்வரை தொடரலாம். புதிதாகத் திறக்கவோ நீட்டிக்கவோ முடியாது.

பணத்தை விடுங்கள், தொழிலில் எங்கே போகிறோம் என்பதும் முக்கியம். இந்தியப் பாடத்திட்டப் பள்ளிக்கும் பிரிட்டிஷ், ஐபி (பன்னாட்டுப் பாடத்திட்டம்) பள்ளிகளுக்கும் சம்பள இடைவெளி பெரிது. அதைத் தாண்ட எல்லோரும் முதலில் நாடுவது பிஜிசிஇ-ஐ (PGCEi) என்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் இணையவழி ஆசிரியர் படிப்பு. படிப்பாக நல்லதுதான். ஆனால் அதோடு இங்கிலாந்தின் ஆசிரியர் உரிமமான க்யூடிஎஸ் (QTS) வருவதில்லை. சேர்ந்தபின் இதைத் தெரிந்துகொண்டு மனம் உடைபவர்கள் உண்டு. கணிதம், அறிவியல், அயல்மொழி இவற்றில் ஒன்றை 11 முதல் 16 வயது மாணவருக்குக் கற்பிக்கத் தகுதியுள்ள இந்திய ஆசிரியர்கள், 2023 பிப்ரவரி முதல் இங்கிலாந்து அரசிடம் நேரடியாகவே க்யூடிஎஸ்-க்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் இல்லை. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு இந்த வழி இல்லை. அவர்கள் பயிற்சியோடு வரும் பன்னாட்டு க்யூடிஎஸ்-ஐ (iQTS) பார்க்க வேண்டும். ஊர் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் டெட் தேர்வை எழுதி வைத்துவிட்டுப் போவது நல்லது. அதன் தேர்ச்சிச் சான்று இப்போது ஆயுள் முழுவதும் செல்லும்.

விட்டு வருவதற்கும் ஒரு காலம் உண்டு. ஒப்பந்த முடிவுத் தேதி ஜூன் கடைசியா, ஆகஸ்ட் கடைசியா என்று சேரும்போதே பாருங்கள். இரண்டு மாத விடுமுறைச் சம்பளம் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. முன்னறிவிப்பு 30 முதல் 90 நாளுக்குள் ஒப்பந்தப்படி. பல பள்ளிகள் அடுத்த ஆண்டு தொடர்கிறீர்களா என்று குளிர்கால விடுமுறையை ஒட்டியே படிவம் கொடுத்துக் கேட்டுவிடும். வேறு கடிதம் கையில் வராமல் "இல்லை" என்று எழுதாதீர்கள். தகுதிகாண் காலம் அதிகபட்சம் ஆறு மாதம். அதற்குள் நாடு திரும்புவதானால் 14 நாள், அங்கேயே வேறு பள்ளிக்கு மாறுவதானால் ஒரு மாத அறிவிப்பு.

கடைசி நாளிலிருந்து 14 நாளுக்குள் பாக்கி அனைத்தும் தர வேண்டும் என்பது சட்டம். கணக்கு முடிந்தது என்ற தாளில், பணம் வங்கியில் ஏறிய பிறகு கையெழுத்திடுங்கள். விசா ரத்தாகும் முன் அனுபவச் சான்றிதழை வாங்கி அங்கேயே முத்திரையிடுங்கள். துபாய் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றையும் எமிரேட்ஸ் ஐடி உயிரோடு இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். அடுத்து எந்த நாட்டுப் பன்னாட்டுப் பள்ளியில் சேர்ந்தாலும் வசித்த ஒவ்வொரு நாட்டின் சான்றையும் கேட்பார்கள்.