அது அவருடைய தூக்கமல்ல

இரவு இரண்டு மணிச் சுற்றில் நான் அந்தப் படுக்கையருகே நின்றபோது மானிட்டரில் ஆக்ஸிஜன் அளவு 97 என்று காட்டியது. நாடித்துடிப்பும் சீராக இருந்தது. நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயால் சேர்க்கப்பட்டிருந்த அவருக்கு மாலையில் மூச்சுத்திணறல் கூடியதால் ஆக்ஸிஜனை உயர்த்தி வைத்திருந்தோம். இப்போது அமைதியாக உறங்கிக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் எண்களைக் குறித்துவிட்டு நகர முற்பட்டேன். நாற்காலியில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி என் கையைப் பிடித்தார்.

“சிஸ்டர், இது அவர் தூங்குற தூக்கம் இல்ல.”

எல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று மானிட்டரைக் காட்டினேன். அந்த அம்மா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. “எவ்வளவு அசந்து தூங்கினாலும் நான் தொட்டா விரலை மடக்குவார். இப்ப மடக்கல” என்றார்.

உரக்கக் கூப்பிட்டேன், தோளைத் தட்டினேன். அவர் கண் திறக்கவில்லை. டியூட்டி டாக்டர் வந்து இரத்த வாயுப் பரிசோதனை செய்தபோது கார்பன் டை ஆக்ஸைடு ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. இந்த நோயுள்ளவர்களுக்குப் பொதுவாக ஆக்ஸிஜன் அளவை 88 முதல் 92 வரை வைத்திருப்பதே இலக்கு என்பதும், அதற்கு மேல் போனால் கார்பன் டை ஆக்ஸைடு தேங்கி நோயாளி மயக்கத்தில் ஆழக்கூடும் என்பதும் நான் படித்துத் தேறிய பாடங்கள். ஆனாலும் அந்த நேரத்தில் 97 என்ற எண் என் கண்ணுக்கு ஆறுதலாகவே தெரிந்தது. ஆக்ஸிஜனைக் குறைத்து, முகமூடி வழியாகக் காற்றை அழுத்தத்துடன் செலுத்தி மூச்சுவிட உதவும் பைபாப் கருவியைப் பொருத்தி, விடியும்வரை அருகிலேயே இருந்தோம். ஐந்து மணிக்குச் சற்று முன்பு அந்த அம்மா மெல்லச் சிரித்தார். அவர் விரல்களுக்குள் கணவருடைய சுட்டுவிரல் மடங்கியிருந்தது.

அந்த இரவை நான் விடாமல் நினைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், அதே காலத்தில் என் ஆத்துமாவையும் நான் கேஸ் ஷீட் வைத்தே கவனித்துக்கொண்டிருந்ததுதான். பதினேழு வயதில் ஒரு நற்செய்திக் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அந்தத் தேதியை வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் இரட்சிப்பின் நிச்சயம், அதாவது பாவத்திலிருந்து மீட்கப்பட்டேன் என்ற உறுதி, உண்டா என்று யாராவது கேட்டால் உதடு ‘ஆம்’ என்று சொல்லும், உள்ளம் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். எத்தனை அதிகாரம் வாசித்தேன், எத்தனை நாள் உபவாசம் இருந்தேன், எத்தனை முறை கோபப்பட்டேன் என்பதே அந்தக் கணக்கு. நல்ல வாரத்தில் நான் இரட்சிக்கப்பட்டவள். மோசமான வாரத்தில் அந்த முதல் பக்கத்துத் தேதியே பொய்யோ என்று பயப்படுகிறவள்.

மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் கர்த்தருக்கு முன் வந்து நிற்கிறவர்களிடமும் நல்ல எண்கள் இருக்கின்றன: தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அநேக அற்புதங்களைச் செய்தோம் என்கிறார்கள். அவரோ “நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை” என்கிறார். முன்பெல்லாம் இந்த வசனம் வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். அந்த இரவுக்குப் பின்புதான், அவர் கேட்பது எண்களையல்ல, உறவை என்பது எனக்கு உறைத்தது. யோவான் 17:3 நித்திய ஜீவனுக்குத் தருகிற விளக்கமும் அதுவே: பிதாவையும் அவர் அனுப்பின இயேசுகிறிஸ்துவையும் “அறிவதே நித்தியஜீவன்.”

ஆனால் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சில மாதங்கள் நான் அதில் மாட்டிக்கொண்டேன். ‘நான் அவரை எவ்வளவு நெருக்கமாக அறிந்திருக்கிறேன்?’ என்று அளக்கத் தொடங்கினால், அதுவும் கேஸ் ஷீட்டில் இன்னொரு பத்தியாகிவிடும். சிலுவையில் இயேசுவின் பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு நெருங்கிப் பழகிய ஆண்டுகள் எங்கே இருந்தன? சில மணி நேரமும், ஒரே ஒரு விண்ணப்பமும்தான் அவனிடம் இருந்தன. அவனுக்கோ அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது. கலாத்தியருக்கு எழுதும்போது பவுல் வாக்கியத்தின் நடுவில் தன்னைத் திருத்திக்கொள்வதைப் பார்க்கிறேன்: “நீங்கள் தேவனை அறிந்திருக்க, அல்லது தேவனாலே அறியப்பட்டிருக்க.” அந்த ‘அல்லது’ என்ற சொல்லில்தான் என் நிச்சயம் தங்கியிருக்கிறது. அந்த இரவை நினைத்தபோதெல்லாம் என்னை நான் அந்த மனைவியின் இடத்தில் வைத்துப் பார்த்திருந்தேன். உண்மையில் நான் படுக்கையில் கிடந்தவர். விரல் மடங்காததைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு என்னை அறிந்த ஒருவர், தம்முடைய ஜீவனையே கொடுத்து என்னை மீட்டவர், பக்கத்தில் விழித்திருக்கிறார்.

நிச்சயம் எல்லோருக்கும் உடனே வந்துவிடுவதில்லை என்பதைச் சபையின் வரலாறும் மறைக்கவில்லை. 1646-இல் இங்கிலாந்தில் எழுதி முடிக்கப்பட்ட, சீர்திருத்த சபைகளின் கோட்பாட்டு ஆவணமான வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, உண்மையான விசுவாசியும் இந்த நிச்சயத்துக்காக நெடுநாள் காத்திருந்து போராட நேரலாம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. குருப்பட்டம் பெற்று, மிஷனரியாகக் கடல் கடந்தும் சென்று திரும்பிய, மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனர் ஜான் வெஸ்லி, 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு சிறு கூட்டத்தில் அமர்ந்திருந்தபோதுதான், கிறிஸ்து தன்னுடைய பாவங்களையே நீக்கிவிட்டார் என்ற நிச்சயத்தைப் பெற்றார். அதற்குப் பின்பும் அவருக்குச் சந்தேகம் நிறைந்த நாட்கள் வந்தன. இதை வாசித்தபோது எனக்கு மிகுந்த ஆறுதல் உண்டாயிற்று.

இப்போது டூட்டிக்கு முன் உடை மாற்றும் அறையில் ஐந்து நிமிடம் ஆண்டவரோடு பேசுகிறேன். பல நாட்களில் எந்த உணர்வும் வருவதில்லை. அதை நான் குறித்துவைப்பதும் இல்லை. போன மாதம் ஓர் இரவில், நான்காவது முறையாக அழைப்பு மணி அடித்த ஒரு வயதான நோயாளியிடம் கடுமையாகப் பேசிவிட்டேன். முன்பென்றால் ஒரு வாரம் ஜெபிக்கவே அஞ்சி, நான் இரட்சிக்கப்பட்டவள்தானா என்று தவித்திருப்பேன். அன்று துணி அலமாரியின் பின்னால் நின்று, “ஆண்டவரே, இப்படிப் பேசிவிட்டேன், உமக்குத் தெரியும்” என்றேன். அவர் என் ஆண்டவர்தான் என்பதில் அந்த நேரத்திலும் எனக்குச் சந்தேகம் எழவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் படுக்கைக்குத் திரும்பிப் போனேன். “அம்மா, கோபமாப் பேசிட்டேன், மன்னிச்சிடுங்க” என்றேன். அவர் போர்வையைச் சரிசெய்யச் சொன்னார். சரிசெய்துவிட்டு, அவருக்குத் தூக்கம் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.