அந்தப் படத்துக்கு யாரிடம் கேட்பது?

சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நான் எடுத்த ஒரு படத்தைப் போட்டிக்கு அனுப்ப, அதில் இருக்கும் சாமியாடி சம்மதம் கொடுத்தாரா, மறுத்தாரா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார். அந்தப் பதிலில் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் படத்தை என்ன செய்வது என்று யோசிக்க உட்கார்ந்தால், அதே பேச்சு திரும்பத் திரும்ப வந்து முன்னால் நிற்கிறது.

நான் கல்யாணப் படம் எடுப்பவன். எனக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. கேமரா பைக்குள் கிடக்கும். மற்ற வகைப் படங்களை எல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த இரண்டு மாதங்கள்தான். மார்கழியில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம், ஆடியில் ஊர்க் கொடைகள். புதிது புதிதாக எடுத்துப் பார்க்காவிட்டால் கை மரத்துப்போகும் என்று எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி அடிக்கடி சொல்வார். அது உண்மை என்றே இப்போதும் நம்புகிறேன்.

கல்யாண வீட்டில் நாம் சொன்னால் ஆட்கள் நகர்வார்கள். "மாப்பிள்ளை, இங்கே பாருங்கள்", "அத்தை, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்" என்றே பேசிப் பழகியவனை, இமயமலையைத் தாண்டி நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில் வந்து இறங்கும் வரித்தலை வாத்து வாயடைக்க வைத்துவிடும். அங்கே செய்யக்கூடியது, போய்ச் சரியான இடத்தில் உட்காருவது மட்டுமே. கூழைக்கடா காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்தால் பறவையின் முகம் கிடைக்கும். மாறி உட்கார்ந்தால் நாள் முழுக்க வால்தான். ஷட்டரை 1/2000 நொடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. அங்கே போய் நாம் சத்தம் போட முடியுமா?

அந்தப் பழக்கம் கல்யாணத்திலும் கைகொடுத்தது. பெண்ணை அனுப்பும் நேரத்தில் அம்மா எந்தத் தூணோரம் போய் நிற்பாள் என்று முன்கூட்டியே தெரிய ஆரம்பித்தது. கூப்பிடாமல், திருப்பாமல் எடுத்த அந்தப் படங்களைத்தான் ஆல்பத்தில் முதல் பக்கத்துக்குக் கேட்கிறார்கள்.

கொடைக்குப் போனதும் அந்தத் துணிச்சலில்தான். சுடலைமாடன் கோயில், நடுச்சாமம். கணியான் கூத்துக்காரர்கள் பாடி, மகுடப் பறை உச்சத்துக்குப் போய்விட்டது. பிளாஷ் போடுவதில்லை என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்திருந்தேன். ஐ.எஸ்.ஓ. 6400, ஷட்டர் 1/60. அதற்குமேல் பந்தத்தின் வெளிச்சம்தான். சாமியாடி சல்லடம் கட்டி, குல்லாய் வைத்து, வல்லயம் என்ற ஈட்டியோடு மயானத்துக்கு வேட்டை போகப் புறப்பட்டார். மயானம் வரை அவர் பின்னால் யாரும் போகக் கூடாது என்பது ஊர்க் கட்டு, நானும் போகவில்லை. எல்லையைத் தாண்டும் முன் அவர் ஒருமுறை திரும்பினார். பந்தம் முகத்துக்கு இடது பக்கம் இருந்தது. ஒரே படம்தான் எடுக்க முடிந்தது.

அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை. அதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்கள் கழித்து அதே சாமியாடி கடைக்கு வந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க பாஸ்போர்ட் சைஸ் படம் வேண்டுமாம். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக் கண்ணாடி பார்த்துத் தலை வாரினார். திருநீற்றை அழிக்க வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, தோளை நேராக்கி, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். அவருக்கு இடது கண் இயல்பாகவே சற்றுச் சிறுத்திருக்கும். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர் அளவில் வெட்டும்போது அது இன்னும் நன்றாகத் தெரிந்தது. சட்டென்று கொடைப் படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் இரண்டு கண்ணும் ஒரே அளவில் இருந்தன. வெளிச்சத்தின் வேலையாக இருக்கலாம். இடது பக்கத்திலிருந்து விழுந்த தீ வெளிச்சத்தில் நிழல் இல்லாமல் போய்க் கண் பெரிதாகத் தெரியும். தொழில்காரனாக அப்படித்தான் சொல்வேன்.

திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஒரு போட்டிக்கு இதை அனுப்பலாம் என்றிருக்கிறேன், உங்கள் சம்மதம் வேண்டும், படிவத்தில் ஒரு கையெழுத்தும் போட வேண்டும் என்றேன்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அன்றைக்கு நின்றது நானா, தம்பி? இதற்கு என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. "இதை அனுப்ப வேண்டாம் என்கிறீர்களா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அதைச் சொல்லவும் நான் ஆள் இல்லையே" என்றார். பாஸ்போர்ட் படத்துக்கு மட்டும் பணம் கொடுத்தார். வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் போனார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குமேல் நடந்ததெல்லாம் என் மண்டைக்குள்தான்.

ஒருநாள், அவர் மரியாதையாக மறுத்திருக்கிறார் என்று தோன்றும். நம் பக்கத்தில் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வது குறைவு. அதுவும் தன் படம் எடுக்க வந்த கடையில் உட்கார்ந்துகொண்டு சொல்லமாட்டார்கள். இன்னொரு நாள், அவர் மறுக்கவே இல்லை, தனக்கு அதில் பாத்தியதை இல்லை என்றுதானே சொன்னார், ஆகவே தடையில்லை என்று தோன்றும். ஆனால் அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. அதனாலேயே அதை நம்ப முடியவில்லை. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அவர் ஒன்றையும் மறைத்துப் பேசவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னார். அவரைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் அங்கே அவர் இல்லை. இல்லாத ஆளிடம் போய் நான் கையெழுத்துக் கேட்டிருக்கிறேன். இந்த மூன்றில் மூன்றாவதே சரி என்று நினைக்கிறேன். என்னை அதிகம் கஷ்டப்படுத்துவதும் அதுதான்.

சட்டம் என் பக்கம் இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம். யாரும் சொல்லாமல் நானாக எடுத்த படம் எனக்குச் சொந்தம். அந்தக் கணக்கில் பாஸ்போர்ட் படம் அவருடையது, கொடைப் படம் என்னுடையது. அவர் பணத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனதைச் சட்டமும் அப்படியே பிரித்துச் சொல்கிறது. ஆனால் படம் யாருக்குச் சொந்தம் என்பது ஒன்று, அதில் இருப்பவர் யார் என்பது வேறு. போட்டிக்காரர்களும் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள்.

என்னோடு சேர்ந்து கல்யாணங்கள் எடுக்கும் நண்பர் இதைக் கேட்டுவிட்டு, அத்தனை பேர் கூடிய இடத்தில் எடுத்ததற்கு அனுமதி கேட்டதே தேவையில்லாத வேலை என்றார். ஆனித் தேரோட்டத்துக்கு நெல்லையப்பர் கோயில் ரத வீதியில் நிற்கும் ஆயிரம் கேமராவும் யாரிடம் கேட்டன என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தேரில் வருகிறவரை மறுநாள் ஸ்டூலில் உட்கார வைத்து நான் தாடையை இறக்கச் சொல்வதில்லை. என் மனைவி, படத்தைப் பார்த்த இரவே, இதைச் சுவரில் மட்டும் மாட்டிவிடாதீர்கள் என்றாள். சாமி படமாக வைத்து விளக்கேற்றவும் முடியாது, மனுஷர் படமாக வைத்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியாது என்று காரணமும் சொன்னாள். இத்தனை பேரில் அவள்தான் படத்தைச் சரியாகப் பார்த்தவள் என்று எனக்குத் தோன்றுகிறது.

பலவகைப் படம் எடுத்துப் பழகு என்று எல்லோரும் சொல்கிறார்கள். லென்ஸ் மாறும், வெளிச்சம் மாறும், அதெல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு வகையிலும் யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்பதும் மாறுகிறது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாணத்தில் என்னை அழைத்தவர் இருக்கிறார். பறவையிடம் கேட்க முடியாது, ஆனால் அது பறந்து போய்விட முடியும். அதுவே அதன் பதில். பாஸ்போர்ட் படத்தில் எதிரே இருப்பவர்தான் என்னைக் கேட்கிறார். கொடையில் வல்லயத்தோடு நிற்பவரிடம் அந்த நேரத்தில் கேட்பதற்கு எனக்குத் தைரியமும் இல்லை, தகுதியும் இல்லை. அவர் வீடு திரும்பிய பிறகு கேட்டால், கேட்க வேண்டிய ஆள் போய்விடுகிறார்.

போட்டிக்கு அந்த ஆண்டு அனுப்பவில்லை. அது சரியான முடிவு என்று நண்பரிடம் உறுதியாகவே வாதாடியிருக்கிறேன். ஆனால் யாரும் பார்க்காத ஒரு படத்தால் யாருக்கு என்ன மரியாதை கிடைத்துவிட்டது என்று அவர் திருப்பிக் கேட்டபோது, சொல்வதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. படம் எடுக்காமலேயே இருந்திருக்கலாமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். அந்தத் திரும்பலை மறுபடி பார்த்தாலும் எடுப்பேன்.

இப்போது கோயில் வரிக்காரர்கள், அதாவது கொடைக்கு வரி கொடுக்கும் குடும்பத்தார், இந்த ஆடிக்கு என்னையே படமெடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். முன்பணமும் கொடுத்துவிட்டார்கள். இனி எடுப்பதெல்லாம் அவர்களுடையது. கையெழுத்துப் பிரச்சினை வராது. வேட்டைக்குப் புறப்படும் இடத்தில் பிளாஷும் போகஸ் லைட்டும் கிடையாது என்று ஒரு நிபந்தனை வைத்தேன். பெரியவர்கள் உடனே ஒத்துக்கொண்டார்கள். இளவட்டங்கள் மேலே டிரோன் பறக்கவிட வேண்டும் என்கிறார்கள். அது மயானம் வரை தொடர்ந்து போகுமே என்றேன். அதற்குத்தானே கேட்கிறோம் என்றார்கள். முடியாது என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மறுபடி பேசுகிறார்கள். சாமியாடியும் வருவாராம்.