61 பாட்டிலும் ஒரு பெஞ்சும்

தீபாவளிக்கு வீடு கழுவுற சாக்குல எங்க வீட்டம்மா சிங்க்குக்குக் கீழ, பால்கனி அலமாரில, கட்டிலுக்கடில எல்லாம் கைய விட்டுத் துழாவி நான் சேத்து வச்சிருந்த காலி பாட்டில் அத்தனையும் ஹால்ல கொண்டாந்து வரிசையா அடுக்கி எண்ணிட்டாங்க. மொத்தம் 61. ஜாம் பாட்டில், காயா பாட்டில், ஊறுகா, சம்பல், எந்தக் காலத்துலயோ வாங்குன தேன் பாட்டில். "என்னங்க, இதெல்லாம் எப்ப எதுக்கு ஆவப் போவுது, ஒரு தேதி மட்டும் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. கோவமா கூட கேக்கல, ரொம்ப சாதாரணமா கேட்டாங்க, அதான் எனக்கு பதில் வரல.

பினாங்குத் தீவுல, பாயான் பாருல ஃபிளாட், நாலாவது மாடி. வேலை பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில மெயிண்டனன்ஸ். கையில ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் புடிச்சே இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, அதனால எதையும் தூக்கிப் போட மனசு வராது. ஆனா குப்பையைப் பத்தி நெசமாவே யோசிக்க ஆரம்பிச்சது 2022 ஜனவரிலதான். நிபோங் தெபால் பக்கம் பூலாவ் பூரோங் குப்பைமேடு பத்திக்கிட்டு நாள் கணக்கா எரிஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? அந்தப் பக்கம் இருக்குற எங்க மாமா பையன் போன் பண்ணி, வீட்டுக்குள்ள துணி காயப்போட்டாகூட பொகை நாத்தம் அடிக்குதுடான்னு சொன்னான், அப்புறம் சிரிச்சிக்கிட்டே "ஒங்க தீவுக் குப்பையும் சேந்துதான் எரியுது"ன்னான். உண்மைதான், நாம பத்து மாவுங் குப்பை நிலையத்துல ஏத்தி விடுறது கடல் தாண்டி அங்கதான் போவுது. நம்ம கண்ணுக்குத் தெரியல, அவ்ளோதான்.

பினாங்குக்காரங்களுக்கு இதெல்லாம் புதுசு இல்ல. 2009ல திங்கக்கெழமை மட்டும் ஓசி பிளாஸ்டிக் பை இல்லன்னு ஆரம்பிச்சாங்க, 2011ல எல்லா நாளும் பைக்கு 20 காசுன்னு ஆக்குனாங்க. அதுக்கும் ரொம்ப முன்னாடியே பயனீட்டாளர் சங்கத்துல முகமது இட்ரிஸ் ஐயா, 2019ல தவறுனாரே அவருதான், தேவையில்லாம வாங்காதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. சின்ன வயசுல எனக்கு அது பெரியவங்க பேச்சு மாதிரி ஒரு காதுல பூந்து மறு காதுல போயிடும்.

சரி, கூட வேலை பாக்குறவங்க அடிக்கடி கேக்குறாங்க, என்னென்ன செஞ்சே, எது உருப்பட்டுச்சுன்னு. உருப்படாததுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

முதல்ல என்சைம், அதான் தோலப் புளிக்க வச்சு வீடு கழுவ செய்யுற தண்ணி. பினாங்குல ஒரு காலத்துல எந்த வீட்டு சிங்க்குக்குக் கீழ பாத்தாலும் இது இருக்கும். ஒரு பங்கு வெல்லம் இல்லன்னா பழுப்புச் சீனி, மூணு பங்கு பழத்தோலு காய்கறித் தோலு, பத்து பங்கு தண்ணி, பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூணு மாசம் விட்டுடணும். முதல் மாசம் மட்டும் தெனம் மூடியைத் தொறந்து கேஸ் வெளிய விடணும், புளிக்கும்போது உள்ள காத்து ஏறிக்கிட்டே இருக்கும். நான் என்ன செஞ்சேன், அன்னாசித் தோலா போட்டு முக்கால்வாசிக்கு மேல ரொப்பி இறுக்கி மூடிட்டு குடும்பத்தோட அலோர் ஸ்டார் கல்யாணத்துக்குப் போயிட்டேன். மூணு நாள் கழிச்சு ராத்திரி வந்து கதவத் தொறந்தா வீடே கள்ளுக்கடை. மூடி எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது, சிங்க்குக் கதவுல ஒரு பள்ளம் இருக்கு, சீலிங்ல அன்னாசி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒழுங்கா செஞ்சு பாத்தேன், தரை தொடைக்க, டாய்லெட் கழுவ நல்லாத்தான் இருக்கு, புளிச்ச தண்ணி தானே, வினிகர் செய்யுற வேலைய அதுவும் செய்யும். ஆனா இத ஆத்துல ஊத்துனா ஆறு சுத்தமாவும், வானத்துல ஓசோன் சரியாவும்னு சொல்றவங்க பேச்ச நான் நம்பல. சீனித் தண்ணிய ஆத்துல கொட்டி ஆறு எப்படி சுத்தமாவும் சொல்லுங்க.

ரெண்டாவது மைலோ டின். டின்னுக்கு அடில ஓட்டை போட்டு, துணித் திரி ஒண்ண உள்ள விட்டு, கீழ தண்ணி டப்பா வச்சு, செடி தானா தண்ணி உறிஞ்சிக்கிற மாதிரி பால்கனில ஒம்பது டின்னு செஞ்சு வச்சேன். கறிவேப்பில, பாண்டான், சில்லி பாடி எல்லாம் நல்லா வந்துச்சு. கொசுவும் நல்லா வந்துச்சு. ஒரு நாள் காலைல டிங்கி செக்கிங்னு ரெண்டு அதிகாரிங்க மாடி மாடியா ஏறி வந்தாங்க, டார்ச் அடிச்சு அந்தக் கீழ் டப்பாவ எட்டிப் பாத்தாங்க, உள்ள குட்டிக் குட்டியா நெளியுது. கம்பவுண்ட், அதான் அபராதம், 500 வெள்ளின்னு (ரிங்கிட்) என் காதுல விழுந்தப்பவே என் சிம்பிள் லிவிங் ஆவி பிரிஞ்சிருச்சு. அந்த ரெண்டு பேருல பெரியவரு நல்ல மனுசன், முதல் தடவைன்னு எச்சரிக்கையோட விட்டாரு, ஆனா உக்காந்து சொல்லிக் குடுத்தாரு: ஏடிஸ் முட்டைல இருந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும், தண்ணிய மட்டும் கொட்டுனா பத்தாது, முட்டை டப்பா ஓரத்துல ஒட்டிக்கிட்டு காஞ்சு போயி மாசக்கணக்கா உயிரோட இருக்கும், திரும்ப தண்ணி பட்டா பொரிச்சிரும், அதனால பிரஷ் வச்சு தேய்க்கணும். இப்ப கீழ் டப்பாவே கெடையாது. கையால ஊத்துறேன், மிச்சம் வழிஞ்சு போகட்டும்.

இதுல எங்கம்மா கதையச் சொல்லணும். அம்மா சுங்கை பட்டாணி பக்கம் கித்தா, அதான் ரப்பர், தோட்டத்துல பொறந்து வளந்தவங்க. அங்க அரிசி அளக்குறது பால் டின்னுல, தண்ணி தூக்குறது மண்ணெண்ண தகரத்துல, பூச்செடி வைக்கிறது ஒடஞ்ச ரப்பர் பால் மங்குல. நான் இதெல்லாம் செய்ய ஆரம்பிச்சப்ப அம்மா மனசு குளிர்ந்து போவாங்கன்னு நெனச்சேன். எங்க! "தகரத்துல தண்ணி மோந்தது போதாதாடா, ஃபிளாட்டுக்கு வந்தும் தகரமா"ன்னு ஒரே போடு போட்டாங்க. அவங்க தோட்டத்த விட்டு வந்து முதல் மாசக் காசுல வாங்குனது புத்தம் புது பிளாஸ்டிக் வாளி மூணு, செவப்பு, நீலம், மஞ்சள். அதுல நீல வாளி இன்னும் இருக்கு. இல்லாம செஞ்சதையும் இருந்தும் செய்யுறதையும் ஒண்ணா போட்டு அந்தக் காலம் மாதிரி வருமான்னு பேசுறது எனக்கு இப்ப கூச்சமா இருக்கு.

உருப்பட்டதுக்கு வரேன். சோப்பு. பொரிச்ச எண்ணெய சிங்க்குல ஊத்தி ஊத்தி எங்க பிளாக் குழாயே ஒரு தடவ அடச்சிக்கிச்சு, அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சேன். பாக்கெட்ல கிலோ 2.50 வெள்ளிக்கு வருதே அந்தப் பாமாயில், அது சோப்புக்கு ரொம்ப நல்லது, கெட்டியா வரும். கெம்போங் மீன் பொரிச்ச எண்ணெய் வேணாம், சோப்பு போட்டுக் குளிச்சா பூனை பின்னாடியே வரும், அப்பளம் வடை பொரிச்சதா எடுத்து வச்சுக்குங்க. பழைய வேட்டித் துணில வடிகட்டி ஒரு கிலோ எடுத்தா, காஸ்டிக் சோடா 130 கிராம், தண்ணி 300 கிராம். எடை போட்டுத்தான் செய்யணும், கண்ணளவு, கையளவு பேச்சே கெடையாது. சோடாவத்தான் தண்ணில கொஞ்சங் கொஞ்சமா போடணும், தண்ணிய சோடா மேல ஊத்துனீங்கன்னா பொங்கி மூஞ்சில அடிக்கும். கையுறை, கண்ணாடி போட்டுக்கணும், புள்ளைங்கள கிட்ட விடக்கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அத அரிச்சிடும், எவர்சில்வர்தான். போட்டதும் தண்ணி தானா கொதிக்கிற மாதிரி சூடாவும், பால்கனில வச்சு ஆற விடணும், அப்புறம் எண்ணெய்ல ஊத்திக் கிண்டணும். கிண்டணும்னா கிண்டிக்கிட்டே இருக்கணும், கேழ்வரகுக் கூழ் பதத்துக்கு வந்து, கரண்டில எடுத்து மேல கோடு போட்டா கோடு அப்படியே நிக்கணும். காலி பால் பெட்டில ஊத்தி ரெண்டு நாள் விட்டு, பெட்டியக் கிழிச்சு, துண்டு போட்டு, காத்தோட்டமா நாலுல இருந்து ஆறு வாரம் காய வைங்க. பாத்திரம் கழுவ, தரை கழுவ, வேலை முடிஞ்சு வந்து கிரீஸ் கைய கழுவ இத விட நல்ல சோப்பு நான் பாக்கல. மூஞ்சிக்கு வேணாம்.

அப்புறம் பெஞ்சு. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். ஃபேக்டரில சாமான் வந்து எறங்குற மரப் பேலட் ஒடஞ்சதுன்னா மூலைல குவியும், சூப்பர்வைசர்ட்ட கேட்டு ரெண்டு எடுத்துட்டு வந்தேன். எடுக்கும்போது பக்கவாட்டு முத்திரையப் பாருங்க. கோதுமைக் கதிர் படம் போட்டிருக்கும், பக்கத்துல எச்டின்னு (HT) இருந்தா சூடு காட்டுன மரம், பூச்சி சாவுறதுக்கு மரத்தோட நடு வரைக்கும் 56 டிகிரில அரை மணி நேரம் வச்சிருப்பாங்க. எம்பின்னு (MB) இருந்தா மெத்தில் புரோமைடு மருந்துப் பொகை போட்டது, அத வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க, அடுப்புலயும் எரிக்காதீங்க. முத்திரையே இல்லன்னா, எண்ணெய் மருந்து எது கொட்டுன கறை இருந்தாலும், நான் தொடுறதில்ல.

ஆணியப் புடுங்கப் போனேன், முதல் பேலட்ல பலகை பூரா பொளந்துக்கிச்சு. ரெண்டாவதுல புத்தி வந்துச்சு: பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல ஹேக்ஸா பிளேட விட்டு ஆணிய அறுத்துடணும், தலை மட்டும் மரத்துல பொட்டு வச்ச மாதிரி நிக்கும், பாக்கவும் அழகு. மரம் தேய்க்கிற சேண்டர் மெஷின் லோரோங் கூலிட் சந்தைல ஞாயித்துக்கெழம காலைல பேரம் பேசி வாங்குன பழசு, ஆளு 60 வெள்ளின்னாரு, 35க்கு முடிஞ்சுச்சு. 80 பேப்பர், 120, 240ன்னு மூணு வாட்டி தேய்ச்சேன், பக்கத்து வீட்டு காக், அதான் மலாய்க்கார அக்கா, மூணு நாளா ஜன்னலத் தொறக்கல, பாவம், மன்னிப்புக் கேட்டு பிசாங் கோரேங் (வாழைப்பழப் பஜ்ஜி) வாங்கிக் குடுத்தேன்.

தேய்க்கத் தேய்க்க மரம் வெளுப்பா, லேசா மஞ்சளா வந்துச்சு. அம்மா வந்து பக்கத்துல நின்னாங்க. கைய வச்சு நீவிப் பாத்தாங்க, நகத்தால அழுத்துனாங்க, குனிஞ்சு மோந்தும் பாத்தாங்க. "இது கித்தா மரம்டா"ன்னாங்க. இருபத்தஞ்சு வருஷம் பால் எடுத்துட்டு வயசான மரத்த வெட்டித் தள்ளுவாங்களாம், அப்பல்லாம் அது வெறகுக்குத்தான், லயத்து வீட்டுல அடுப்பெரிக்க இவங்கதான் தலைல தூக்கிட்டு வருவாங்களாம். இப்ப அதே மரத்துல நாற்காலி மேசை செஞ்சு கப்பல்ல ஏத்துறாங்கன்னு நான் சொன்னேன். நம்பாத மாதிரி பாத்துட்டு, "இத வெட்டித்தான் ஒனக்கு வெந்நி வச்சேன்"ன்னுட்டு உள்ள போயிட்டாங்க. அந்த பெஞ்சு இப்ப வாசல்ல இருக்கு. சாயங்காலம் அஞ்சரைக்கு அம்மா அதுல உக்காந்தா ஏழு மணிக்குத்தான் எந்திரிப்பாங்க. நான் செஞ்சதுல அவங்க ஏத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது, பெஞ்சு எப்படி உருப்பட்டுச்சுன்னா, அம்மாவுக்கு வாசல்ல உக்கார எடம் வேணும்னு முதல்ல தெரியும், அப்புறம்தான் மரத்தத் தேடுனேன். பாட்டிலுக்கு அப்படி இல்ல. பாட்டில் முதல்ல வந்துச்சு, வேலை எப்பவாவது வரும்னு காத்துக்கிட்டு இருந்துச்சு. துணிப்பை கூட அப்படித்தான், வீட்டம்மா பழைய சேலைல தைச்சது, கடைல ஓசில வந்ததுன்னு கதவுக்குப் பின்னாடி முப்பது தொங்குது, மார்க்கெட் போறப்ப எடுக்க மறந்து வெறுங்கையோட போறேன்.

சரி, 61க்கு வழி பாக்கணுமே. பழைய சாமான் வாங்குற பேப்பர் லாமா லாரி மைக் போட்டுக்கிட்டு வந்தப்ப ஓடிப்போய்க் கேட்டேன், பேப்பர், இரும்பு, பழைய ஃபேன் எல்லாம் சரி, பாட்டில்னதும் கைய ஆட்டிட்டாரு, கனம்தான் காசு இல்லன்னு. வாய் குறுகுன 38 பாட்டில மறுசுழற்சி கூண்டுல கொண்டு போய்ப் போட்டேன். வாய் அகண்டது 23 இருந்துச்சு. எண்ணெயும் சமையல் சோடாவும் கொழச்சுத் தடவி அரை மணி நேரம் ஊற விட்டா லேபிள் பசை வழுக்கிட்டு வந்துடும், மூடில ஊறுகா வாசம்தான் போகல, ரெண்டு நாள் வெயில்ல வச்சேன். ஒவ்வொரு வருஷமும் பலகாரத்துக்கு செவப்பு மூடி பிளாஸ்டிக் டப்பா வாங்குவோம்ல, இந்தத் தடவ வாங்கல. முறுக்கு, ஓமப்பொடி, நெய் உருண்டைன்னு 23 பாட்டிலும் ரொப்பி, மூடிக்கு மேல சேலைத் துணி கட்டி, மாடி மாடியா குடுத்தாச்சு. ஹால் காலி. வீட்டம்மா சிரிச்ச மொகமா இருந்தாங்க.

நேத்து வேலை முடிஞ்சு வரப்ப ரெண்டாவது மாடி சீன ஆண்ட்டி லிஃப்ட்டுக்கிட்ட நிறுத்துனாங்க. நம்ம பாட்டில பளபளன்னு கழுவி வச்சிருந்தாங்க. கூடவே ஒரு பெரிய பை. அங்கிள் பாட்டில் சேக்குறீங்கன்னு கேள்விப்பட்டேன், எங்க வீட்டுல இருந்ததையும் தங்கச்சி வீட்டுல இருந்ததையும் சேத்து எடுத்து வச்சேன்னு மலாய்ல சொன்னாங்க, அவ்ளோ சந்தோசமா. எப்படி வேணாம்னு சொல்றது.

14 இருக்கு. கார் பூட்ல வச்சிருக்கேன், வீட்டுல இன்னும் சொல்லல.