பிஸ்கட்டோடு வந்த ஐந்தாம் எண்

என்னிடமுள்ள, பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளில் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது விலை கூடியதும் அல்ல, அழகானதும் அல்ல. எண்ணெய்க் கறை படிந்த ஒன்று. டான்-டீ என்ற உருளைக்கிழங்கு சிப்ஸ் நிறுவனம் 1954-இல் பொட்டலத்துக்குள் போட்டுக் கொடுத்த 29 அட்டைகளில் அதுவும் ஒன்று. எண்ணெய் இறங்கிவிடக் கூடாது என்று மேற்பரப்பில் மெழுகு பூசித்தான் தயாரித்தார்கள், ஆனாலும் இறங்கிவிட்டது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஆட்டக்காரரின் தோளுக்கு மேலே எட்டணா நாணய அளவில் ஒரு வட்டம், வடை மடித்துக் கொடுத்த தாளைப் போல, ஒளி ஊடுருவித் தெரிகிறது. ஒன்றிலிருந்து பத்து வரை தரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தரும் நிறுவனங்களுக்கு இதை அனுப்பினால், அந்தக் கறைக்காகவே மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். நான் அனுப்பப்போவதில்லை. அந்த அட்டை மெய்யாகவே ஒரு சிப்ஸ் பொட்டலத்துக்குள் கிடந்தது, உப்பு ஒட்டிய விரல்களால் யாரோ ஒரு பையன் அதை வெளியே எடுத்தான் என்பதற்கு அந்த வட்டத்தை விட்டால் வேறு சாட்சி இல்லை.

பேஸ்பால் அட்டை என்றதும் செய்தித்தாள் படிப்பவர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளில் வைத்துத் தரப்பட்ட வரிசையைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னர் அட்டை ஒன்று. டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட மிக்கி மேன்டில் அட்டை மற்றொன்று. மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளமாக இருக்கிறார்கள். எனக்குப் பிடித்தவை, தனியே விற்கப்படாமல், வேறொரு பொருளை விற்பதற்காக இலவசமாகக் கொடுக்கப்பட்ட அட்டைகள். சாசேஜ், பிஸ்கட், சிப்ஸ், ரொட்டி, பெட்ரோல், சலவை என்று எதோடு வேண்டுமானாலும் அவை வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரு நகரத்தையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் தாண்டிப் போனதில்லை. சேகரிப்பவர்கள் இவற்றை ‘ரீஜனல்’ என்பார்கள்; வகைப்படுத்த முடியாத மிச்சம் மீதிக்கெல்லாம் ‘ஆட்பால்’ என்று பெயர்.

இப்படிப்பட்ட அட்டைகள் பெருகியதற்கு நகரப் பற்று மட்டும் காரணம் அல்ல. ஒப்பந்தக் காகிதங்களும் ஒரு காரணம். டாப்ஸ் 1956-இல் தன் போட்டியாளரான போமன் நிறுவனத்தை வாங்கிய பிறகு, பபிள் கம்மோடு விற்கும் அட்டைகளில் அதற்கு ஈடாக யாரும் இல்லை. ஆனால் ஆட்டக்காரர்களோடு அது செய்துகொண்ட ஒப்பந்தங்கள், அட்டையைத் தனியாகவோ கம், மிட்டாய் வகைகளோடு சேர்த்தோ விற்பதைத்தான் கட்டிப்போட்டன. சாசேஜ் விற்பவர் சாசேஜோடு ஓர் அட்டை வைத்தால் அதற்குள் டாப்ஸ் நுழைய முடியாது. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் ஃபிளியர் நிறுவனம் 1963-இல் கம்முக்குப் பதிலாக ஒரு பிஸ்கட்டை வைத்து அட்டை விற்றுப் பார்த்தது. டாப்ஸ் சும்மா இருக்கவில்லை. 66 ஆட்டக்காரர்களோடு அந்த வரிசை நின்றுபோனது. 1981-இல்தான் ஃபிளியரும் டான்ரஸ் என்ற இன்னொரு நிறுவனமும் முழு வரிசைகளோடு கடைக்கு வர முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் வித்தியாசமான அட்டை வேண்டும் என்றால் இறைச்சிக் கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோதான் போகவேண்டியிருந்தது.

நான் இதற்குள் வந்தது காவல்துறை வழியாக. 1990-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள மில்வாக்கியில் குடியேறிய புதிதில், என் மகனுக்கு ஒரு போலீஸ்காரர் சாலையோரத்தில் கூப்பிட்டு ஓர் அட்டையைக் கொடுத்தார். பையன் ஏதோ தப்புச் செய்துவிட்டான் என்று பதறிக்கொண்டு ஓடினால், அவர் சிரித்தபடி எனக்கும் ஒன்றை நீட்டினார். முன்பக்கம் மில்வாக்கி புரூவர்ஸ் ஆட்டக்காரர். பின்பக்கம் குழந்தைகளுக்கு ஒரு புத்திமதி. பிள்ளைகள் போலீஸைக் கண்டு பயப்படாமல் வந்து பேச வேண்டும் என்பதற்காக 1979-இல் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு வந்த வரிசை இந்த வகையில் முன்னோடி. புரூவர்ஸ் அணிக்கு 1982-இலிருந்து. இதில் வேடிக்கை என்னவென்றால், விஸ்கான்சினின் பல சிற்றூர்க் காவல் நிலையங்களும் அதே அட்டையில் தம் பெயரைப் போட்டு அச்சடித்துக்கொண்டன. ஆள் ஒருவர்தான், படம் ஒன்றுதான், ஊர்ப் பெயர் மட்டும் வேறு. அந்த வேறுபாடுகளை மட்டுமே தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. கோவில்பட்டியில் தீப்பெட்டிப் படம் சேர்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கிறுக்கு உடனே புரிந்துவிட்டது. ஒரே பூனைப் படத்தைக் கம்பெனிப் பெயர் மாறியதற்காகத் தனித்தனியே ஒட்டி வைத்தவன்தானே நான்.

மில்வாக்கியில் இருந்துகொண்டு பழையதைத் தோண்டினால் 1953-இல்தான் போய் முட்ட வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் பிரேவ்ஸ் அணி பாஸ்டனை விட்டு மில்வாக்கிக்கு வந்தது. ஊர் தலைகீழானது. முதல் ஆண்டிலேயே 18 லட்சம் பேருக்கு மேல் மைதானத்துக்கு வந்தார்கள். அமெரிக்கப் பேஸ்பாலின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக் அதுவரை காணாத கூட்டம். கடைக்காரர்கள் ஆட்டக்காரர்களுக்குப் பாலும் பீரும் இலவசமாகக் கொடுத்தார்கள். ஸ்பிக் அண்டு ஸ்பான் என்ற சலவை நிறுவனம் பிரேவ்ஸ் படங்களை அச்சிட்டு வாடிக்கையாளர்களுக்கு வழங்கியது. சலவைக்குப் போட்ட சட்டையோடு வாரன் ஸ்பானின் படம் வீட்டுக்கு வந்த ஊரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஜான்ஸ்டன் என்ற உள்ளூர் பிஸ்கட் நிறுவனமும் 1953, 1954, 1955 என்று மூன்று ஆண்டுகள் அட்டை போட்டது.

இந்த மூன்றில் 1954-ஆம் ஆண்டு வரிசைதான் என் உயிரை வாங்குகிறது. மொத்தம் 35 அட்டைகள். வழக்கமானதைவிடக் குறுகலாக, நெட்டையாக இருக்கும். டாப்ஸ் தன் வசதிக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடும். ஜான்ஸ்டன் அப்படிச் செய்யாமல், ஆட்டக்காரரின் முதுகில் என்ன எண்ணோ அதையே அட்டைக்கும் எண்ணாக்கிவிட்டது. அதனால் வரிசையில் இடையிடையே எண்கள் விட்டுப்போயிருக்கும். ஓர் எண் உங்களிடம் இல்லை என்றால், அது கிடைக்கவில்லையா, அப்படியொரு அட்டையே கிடையாதா என்பது பட்டியலைப் பார்க்காமல் தெரியாது. அணியின் உடற்பயிற்சியாளருக்கும், மட்டைகளையும் உடைகளையும் பார்த்துக்கொண்டவருக்கும் கூட இதில் அட்டை உண்டு. நாடு முழுக்க விற்கும் நிறுவனம் உடை மூட்டை சுமப்பவருக்கு எதற்கு அட்டை போடப்போகிறது? ஆனால் மில்வாக்கிப் பிள்ளைகளுக்கு அவரையும் தெரியும். மைதான வாசலில் பார்த்திருப்பார்கள்.

அந்த வரிசையின் ஐந்தாம் எண் ஹாங்க் ஆரன். அவருடைய எண் 44 என்பது பேஸ்பால் தெரிந்த யாருக்கும் மனப்பாடம். ஆனால் முதல் ஆண்டில் அவர் அணிந்தது 5. 44-க்கு மாறியது அடுத்த ஆண்டு. 1954-இல் டாப்ஸ் வெளியிட்ட அவருடைய புகழ்பெற்ற முதல் அட்டையின் எண் 128. அந்த 128-க்கும் ஆரனுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அச்சுக்கூடத்தில் விழுந்த எண் அது. பிஸ்கட் கம்பெனி அட்டையிலோ, இருபது வயதில், பின்னால் 755 ஹோம் ரன் அடிக்கப்போகிறவர் என்று யாருக்கும் தெரியாமல், கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற ஆரன் இருக்கிறார். அடுத்த ஆண்டு வரிசையில் ஜான்ஸ்டன் அவரை 44-இல் வைத்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரு பையன் ஓராண்டில் அணியில் நிலைத்துவிட்டது கண்ணுக்குத் தெரியும். கோடிக்கு விற்கும் அட்டைகளில் இதெல்லாம் கிடையாது என்பதே என் கட்சி.

இறைச்சிக் கடைக்காரர்களின் அட்டைகளுக்கு வருகிறேன். சின்சினாட்டியின் கான்ஸ் நிறுவனம் 1955-இல் ஆறே ஆறு அட்டைகளோடு தொடங்கி, 1969 வரை விடாமல் வெளியிட்டது. முதல் ஆறிலும் ரெட்ஸ் ஆட்டக்காரர்கள் சீருடையில் இல்லாமல், சம்பந்தம் பேச வந்தவர்களைப் போல, வெளியில் போகும் உடையில் நிற்கிறார்கள். செயின்ட் லூயிஸின் ஹன்டர்ஸ் நிறுவனம் சாசேஜ் பொட்டலத்திலேயே கார்டினல்ஸ் ஆட்டக்காரர்களை அச்சடித்தது. வெட்டி எடுத்துக்கொள்வது வாங்கியவர் பாடு. வில்சன் ஃபிராங்ஸ் 1954-இல் வெளியிட்ட 20 அட்டைகளில் ஆட்டக்காரருக்குப் பக்கத்தில் ஒரு சாசேஜ் பொட்டலம் அந்தரத்தில் மிதக்கும். டெட் வில்லியம்ஸ் முழு வேகத்தில் மட்டையைச் சுழற்ற, பக்கத்தில் பந்துக்குப் பதிலாகச் சாசேஜ் பறந்துகொண்டிருக்கிறது. அந்த வடிவமைப்பாளரைக் கும்பிடத் தோன்றுகிறது. டெட்ராய்ட்டின் கிளென்டேல் 1953-இல் வெளியிட்ட 28 டைகர்ஸ் அட்டைகளில் கிடைக்காதது ஆர்ட் ஹூட்மன். அவரை அந்த ஆண்டின் நடுவிலேயே கிளீவ்லாந்துக்கு மாற்றிவிட்டார்கள். போய்விட்ட ஆளின் படத்தைச் சாசேஜோடு வைத்து டெட்ராய்ட்டில் என்ன விற்பது?

வெட்டி எடுக்கும் அட்டைகள் தனி உலகம். போஸ்ட் நிறுவனம் 1961 முதல் 1963 வரை காலை உணவுப் பெட்டிகளின் முதுகில் ஆண்டுக்கு 200 பேரை அச்சிட்டது. ஹோஸ்டஸ் 1975 முதல் 1979 வரை கேக் பெட்டியின் அடியில் மூன்று மூன்றாக. விலைப் பட்டியல்காரர்கள் வெட்டாத முழுப் பெட்டியைத் தேடுவார்கள். என்னிடம் இருக்கும் ஒரு ஹோஸ்டஸ் அட்டையில், மேல் விளிம்பு நேராக வந்து, வலது மூலையில் கத்திரி வழுக்கி, ஆட்டக்காரரின் தொப்பி நுனியை ஒரு நூல் அளவு கொய்துவிட்டிருக்கிறது. கீழ் விளிம்பில் வெட்டிய கை மாறியிருக்கிறது; ஒரே இழுப்பில், கோணாமல் வந்திருக்கிறது. அம்மா வாங்கி வெட்டிக் கொடுத்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாக் கதையும் இப்படி இனிமையாக முடிவதில்லை. கெல்லாக்ஸ் 1970 முதல் 1983 வரை கொடுத்த முப்பரிமாண அட்டைகளில், மேலே வரிவரியான பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும். காலப்போக்கில் அது சுருங்கி அட்டை அப்பளம் போல வளையும். 1970 வரிசையின் ஓர் அட்டையை நிமிர்த்திவிடலாம் என்று கனத்த அகராதியை மேலே வைத்தேன். மறுநாள் காலையில் நடுவில் குறுக்காக ஒரு விரிசல். “வளைஞ்சே இருந்திருக்கலாமேங்க” என்று மனைவி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொரு முறை, வில்சன் அட்டை ஒன்றை அஞ்சலில் வாங்கி ஏமாந்தேன். மூலைகள் நயமாகத் தேய்ந்திருந்தன, விலையும் சந்தேகப்படாத அளவில்தான் இருந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்தபோதுதான் குட்டு உடைந்தது. அசல் அச்சில் எழுத்துகள் முழுக் கறுப்பாக, விளிம்பு துல்லியமாக இருக்கும். படத்தில்தான் புள்ளிகள் தெரியும். என் அட்டையில் எழுத்துகளுக்குள்ளும் வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. பழைய அட்டையைப் படமெடுத்து மறுபடி அச்சிட்டது என்பதற்கு அது போதும். விற்றவருக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. அதிலிருந்து எந்த அட்டை வந்தாலும் முதலில் எழுத்து, பிறகுதான் முகம்.

இந்தக் குப்பைகளையெல்லாம் குப்பை என்று நினைக்காமல் முதன்முதலில் வரிசைப்படுத்தியவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸைச் சேர்ந்த ஜெஃபர்சன் பர்டிக். அட்டை எதோடு வந்தது என்பதை வைத்து அவர் குறியீடு கொடுத்தார்: இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு ‘டி’, அண்மைக்காலக் கம்முக்கு ‘ஆர்’, உணவுப்பொருளுக்கு ‘எஃப்’. வாக்னர் அட்டையை உலகம் இன்றும் டி206 என்று அழைப்பது அவர் வைத்த பெயரால்தான். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காத நிலையிலும், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தன் சேகரிப்பை நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்து ஏடுகளில் ஒட்டி முடித்தார். முடித்த சில வாரங்களில், 1963-இல் காலமானார். ஆட்டத்தை வைத்தோ ஆட்டக்காரரை வைத்தோ அடுக்காமல், கூட வந்த பொருளை வைத்து அடுக்கினாரே, அதுதான் சரியான கண்.

என் ஜான்ஸ்டன் வரிசையில் இப்போது 33 இருக்கின்றன. இல்லாத இரண்டில் ஒன்று ஆரனின் ஐந்து. அதற்கு என் ஓய்வூதியம் எட்டாது. மற்றொன்று 34, பாபி தாம்சன். 1954 பிப்ரவரியில் பெரிய எதிர்பார்ப்போடு வாங்கப்பட்டு, மார்ச்சில் பயிற்சி ஆட்டத்தில் கணுக்கால் முறிந்து விழுந்தவர். அவர் விழுந்த இடத்தில்தான் ஆரனை நிறுத்தினார்கள். போன வாரம் ஷிபாய்கனிலிருந்து ஒருவர், தம் தந்தையின் பெட்டியில் தாம்சன் ஒன்று இருப்பதாகவும், ஓரத்தில் பிஸ்கட் கறையோ என்னவோ பழுப்பாக இருப்பதால் விலையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார். குறைக்க வேண்டாம், எழுத்து தெளிவாகத் தெரியும்படி பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.