விளக்குப்பொறி (இரவில் அந்துப்பூச்சிகளை வெளிச்சத்தால் இழுத்து, எண்ணிவிட்டு விடுவதற்கான பொறி) நாட்குறிப்பு: தஞ்சைப் பக்கம், ஒரு வயலோரத் தோட்டம்

14.10.2023, சனி, மகாளய அமாவாசை
20 வாட் புற ஊதாக் குழல் விளக்கு, சுற்றி மூன்று கண்ணாடித்தாள் தகடு, அடியில் புனல், அதற்கும் அடியில் 20 லிட்டர் பெயின்ட் வாளி. உள்ளே அந்துகள் ஒதுங்க முட்டை அட்டைகள் எட்டு, நட்டுக்குத்தலாக. படுக்கப் போட்டால் அடியில் ஒதுங்கிய அந்துகள் நசுங்கும். மாலை 6.15க்குப் போட்டு விடிகாலை 5.30க்கு அணைப்பு. விடிந்தபின் எண்ணினாலும் தேதி விளக்கேற்றிய மாலையுடையதுதான். இதைக் குழப்பினால் பிறகு மழைக்கணக்கோடு ஒத்துப்பார்க்க முடியாது.

நெல் குருத்துப்பூச்சி 31. முன்சிறகுக்கு ஒரு கரும்புள்ளியோடு மஞ்சளாக இருப்பது பெண். ஆண் மங்கல் பழுப்பு, சிறியது. தனித்தனியே எழுதவும். ஆமணக்கு காவடிப்புழுவின் அந்து 4: உட்கார்ந்திருக்கையில் வெறும் சாம்பல் பழுப்பு, பின்சிறகை விரித்தால்தான் கறுப்பில் வெள்ளைப் பட்டை.

17.10, செவ்வாய்
வாளியில் பாதி வெறும் சிறகுகள். எறும்பு. செங்கல்மேல் வைத்தது போதவில்லை. அரிசி டப்பாவை வைப்பதுபோல் தண்ணீர்த் தட்டின் நடுவே வைக்க வேண்டும். தட்டில் இலை விழுந்தால் அதுவே பாலம், இரவு ஒருமுறை பார்க்கவும். இன்றைய எண்ணிக்கை செல்லாது. பதிவில் பூஜ்யம் போடாமல் "எறும்பு" என்று எழுதியாயிற்று. பூஜ்யம் என்றால் விளக்கு எரிந்தும் எதுவும் வரவில்லை என்று அர்த்தம்.

22.10, ஞாயிறு
மாலை தூறல் நின்றதும் ஈசல். வாளி கால்வாசி அதுவே, நடுவில் சிக்கிய அந்துகளின் செதில் உதிர்ந்து வெறும் சவ்வு. ஈசல் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம்தான் பறக்கும். இப்படிப்பட்ட மாலைகளில் 8.30க்குமேல் விளக்கைப் போடுவது நல்லது, நேரம் குறைந்ததைப் பதிவில் குறிக்க வேண்டும். வாளியின் அடித்துளைக்கு வலை ஒட்டாவிட்டால் மழைநீர் வடிவதோடு சின்ன அந்துகளும் போய்விடும்.

எறும்பைப்போல் ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு வண்டு அட்டையில் ஓடியது. கையில் ஏறினால் அடிக்கக் கூடாது, ஊதித் தள்ளவும். நசுக்கினால் அதன் உடல்நீர் பட்ட இடம் மறுநாள் எரிந்து கொப்புளிக்கும். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவும், அந்தக் கையால் கண்ணைத் தொட வேண்டாம். வயலோரத்தில் கையுறை கட்டாயம்.

25.10, புதன்
யூடோசிமா மடர்னா என்ற அந்து ஒன்று. முன்சிறகு காய்ந்த சருகுபோல. மூடியிருந்தால் அட்டையோடு அட்டை. தொட்டதும் பின்சிறகு ஆரஞ்சாக விரிந்தது, நடுவில் ஒரு கறுப்பு வட்டம், ஓரத்தில் கறுப்புக் கரை. பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் வகை. இதன் புழு தின்பது சீந்தில். வேலியில் சீந்தில் படர்ந்திருப்பதால் இது வழிதப்பி வந்த விருந்தாளி இல்லை.

படபடப்பவற்றைக் குப்பியோடு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து நிமிடம் வைத்தால் படமெடுக்க அடங்கும். உறைபெட்டியில் வைக்காதீர்கள்.

28.10, சனி, ஐப்பசிப் பௌர்ணமி
மொத்தம் 9. நிலவொளியில் விளக்கின் இழுப்பு குறையும். அந்து குறைந்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. வானம், காற்று, நிலவு மூன்றுக்கும் பதிவில் தனிக் கட்டம் உண்டு.

எண்ணிய அந்துகளை விடுவது செடிமறைவில், பொறியிலிருந்து தள்ளி, கரிச்சான் வருவதற்குள். அடுத்த இரவு விளக்கு இல்லை. உடனே போட்டால் விட்டதையே மறுபடி எண்ணுவோம், பறவைகளும் இடத்தைக் கண்டுவைத்துக்கொள்ளும்.