சத்தம் போடாதவர்கள் தாமதமாக வருகிறார்கள்

மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மனச்சிதைவு போன்ற தீவிர மனநோயோடு புதிதாக வருபவர்களின் வீட்டாரிடம் விவரம் கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதுவது என் வேலை. "எத்தனை நாளா இப்படி?" என்றால் "ஒரு மாசமா மேடம்" என்பார்கள். தூக்கம் எப்போது கெட்டது, காலேஜுக்குப் போவது எப்போது நின்றது, யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று முதலில் எப்போது சொன்னான் என்று பொங்கல், திருவிழா, பரீட்சை கணக்கில் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே போனால், அந்த ஒரு மாதம் ஒன்றரை வருடமாகிவிடும்.

கத்துகிறவர்கள், பொருளை உடைக்கிறவர்கள் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். தெருவே சேர்ந்து கூட்டிவரும். பேச்சு குறைந்து அறைக்குள் ஒடுங்கியவர்களுக்குத்தான் நாள் ஓடிப்போகிறது. நோய் மெல்ல மெல்லத் தொடங்கினால் சிகிச்சை தள்ளிப்போகும் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. தள்ளிப்போகப் போக மருந்துக்குக் குணமாவதும் மந்தமாகிறது. அதற்குள் படிப்பும் சிநேகிதர்களும் கைவிட்டுப் போயிருக்கும்.

ஒரு அம்மா மகனைக் கூட்டிவந்தார். "தங்கமான பையன் மேடம், யார் வம்புக்கும் போக மாட்டான்" என்றார். அவன் ஜன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்து அடைத்திருந்தான். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினால்தான் தட்டைத் தொடுவான். அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான் என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டிருந்தார்கள். அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் ஜாதகம், மந்திரித்த கயிறு, நரம்பு டாக்டர் எழுதிய தலை ஸ்கேன், பக்கத்து கிளினிக்கில் கொடுத்த தூக்க மாத்திரை அட்டை. தோட்டை அடகு வைத்துத்தான் இத்தனையும்.

அதனால்தான் தாமதத்துக்கு 'அறியாமை' என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த அம்மா முதல் மாதத்திலிருந்தே அலைந்திருக்கிறார். எங்கே போவது என்று சொல்லத்தான் ஆள் இல்லை. தூக்க மாத்திரை எழுதியவர் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் அந்த அம்மா அன்றே எங்களிடம் வந்திருப்பார்.

குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கிவிட்டு வருபவர்கள் உண்டு, ஏர்வாடி தர்காவுக்குப் போய்விட்டு வருபவர்களும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் செத்தார்கள். அந்தக் கொடுமையை மறக்க முடியாது. ஆனாலும் சாமியிடம் போகாதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பின்னாளில் அதே தர்காவில் பிரார்த்தனையோடு மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு வந்தது. அதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

பெண்பிள்ளைகள் விஷயம் இன்னும் கஷ்டம். 'பேர் கெட்டுடும்' என்று மூடி வைப்பார்கள், 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று கட்டிக்கொடுப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு நோய் முற்றி, கைக்குழந்தையோடு வருகிறார்கள்.

இந்த இடைவெளியைக் குறைக்க முடியும். நார்வேயின் ரோகலாண்ட் பகுதியில் செய்தித்தாள் விளம்பரம் கொடுத்தார்கள், பள்ளி ஆசிரியர்களுக்கும் பொது மருத்துவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்கள், அழைத்தவுடன் போய்ப் பார்க்க ஒரு குழுவும் வைத்தார்கள். அங்கே நோய் தொடங்கி 5 வாரத்துக்குள் பாதிப் பேருக்குச் சிகிச்சை கிடைத்துவிட்டது. அந்த ஏற்பாடு இல்லாத பகுதிகளில் அதற்கு 16 வாரம் ஆனது.

நம் ஊரில் அந்த வேலையைக் கிராம சுகாதார செவிலியரும் ஹாஸ்டல் வார்டனும் செய்யலாம். கூட்டங்களில் அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: சண்டை போடுகிற பையனை எல்லோரும் கவனிப்பார்கள், மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்திய பையனின் கதவைத் தட்டுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.