நொய்யல் கரையிலிருந்து ஆவே கரைக்கு

பல்லடம் சாலையில் நான் நடத்தும் சிறிய கிளினிக்குக்கு வழக்கமாக வரும் பாட்டி ஒருவர், நான் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. என்னும் மூன்றாண்டு மேற்படிப்பு படித்தவள் என்று அறிந்ததும், "சளி, காச்சல் பாக்கறதுக்கு எதுக்குக் கண்ணு இன்னும் மூணு வருசம் படிக்கோணும்?" என்று கேட்டார். போர்ச்சுகலுக்கு நான்கு வாரம் போய் அங்குள்ள குடும்ப மருத்துவர்கள் வேலை செய்வதைப் பார்த்து வரப்போகிறேன் என்று பிறகொரு நாள் சொன்னபோது, "அங்கயும் சளி, காச்சல்தானே?" என்றார். நியாயமான கேள்விதான்.

1972இல் தொடங்கப்பட்ட வோன்கா என்னும் உலகக் குடும்ப மருத்துவர் அமைப்பின்கீழ், இளம் மருத்துவர்களுக்கென வட்டாரந்தோறும் ஓர் இயக்கம் உண்டு. ஐரோப்பாவுக்கு வாஸ்கோ ட காமா, கிழக்காசிய, பசிபிக் நாடுகளுக்கு ராஜகுமார், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரிவான், நம் தெற்காசியாவுக்கு ஸ்பைஸ் ரூட், அதாவது நறுமணப் பொருள் வணிகப் பாதை. 'இளம்' என்பதற்கு வயதைப் பார்ப்பதில்லை. பயிற்சியில் இருப்பவரும், பயிற்சி முடித்து ஐந்தாண்டு கடக்காதவரும் இளம் மருத்துவரே. எம்.பி.பி.எஸ்ஸுக்கும் மேற்படிப்புக்கும் இடையே திருமணம், குழந்தை, நுழைவுத் தேர்வு என்று சில ஆண்டுகளைக் கழித்துவிட்ட என் போன்றவர்களுக்கு இந்த விதி பெரிய ஆறுதல். ஐரோப்பிய நாடுகளுக்குள்ளேயே இரண்டு வாரம் சென்று வரும் திட்டத்துக்கு ஹிப்போக்ரட்டீஸ் என்று பெயர். ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொரு வட்டாரத்துக்குச் செல்ல நினைப்பவர்களுக்கு ஃபேமிலி மெடிசின் 360 என்ற திட்டம் இருக்கிறது. நான் போனது இரண்டாவதில்.

பெயர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. வாஸ்கோ ட காமா ஐரோப்பியருக்குக் கடல்வழி கண்டவராக இருக்கலாம். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கத்தில், 1502இல் பயணிகளோடு ஒரு கப்பலை அவர் எரித்ததையும் நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் இயக்கத்தின் பெயர் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் மணிகள் செய்து விற்ற காலத்திலேயே, மேலைக் கடற்கரையிலிருந்து அந்தக் கணவாய் வழியாகக் கொங்குக்குள் வணிகப் பாதை வந்துவிட்டது.

இது பார்வையாளர் பயிற்சி மட்டுமே. அங்கே மருந்து எழுதவோ ஊசி போடவோ நமக்கு அனுமதி இல்லை. நோயாளி சம்மதித்தால் அறையின் மூலையில் உட்கார்ந்து பார்க்கலாம், அவர் போன பிறகு மருத்துவரிடம் கேள்வி கேட்கலாம். பயணச் செலவு நம்முடையது. விசாவுக்காக ஒரு அலுவலகத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டேன். சம்பளம் இல்லாமல் நான்கு வாரம் அடுத்தவர் வேலை செய்வதைப் பார்க்க ஒரு மருத்துவர் ஏன் போகவேண்டும் என்பதை அங்கிருந்தவர்களுக்குப் புரியவைக்க முடியவில்லை. என் மாமியாருக்கும் அதே ஐயம் இருந்தது.

லிஸ்பனுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் வடக்கே கிமராயிஷ் நகரை ஒட்டிய பகுதியைக் கேட்டு வாங்கினேன், ஏனென்றால் அங்கே ஓடும் ஆவே ஆற்றின் பள்ளத்தாக்கு போர்ச்சுகலின் திருப்பூர்: பஞ்சாலை, நெசவு, சாயம், சாயக்கழிவால் கெட்டுப்போன ஆறு, எல்லாம் உண்டு. முதல் வாரத்திலேயே, தறிச் சத்தத்தில் காது மந்தமாகி, எல்லாவற்றையும் உரக்கப் பேசும் ஒரு முதியவர் வந்தபோது, நம் விசைத்தறி ஊரான சோமனூரில்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு கணம் தோன்றியது.

போர்த்துகீசிய மொழி எனக்குத் தெரியாது. சன்னல், மேசை, சாவி, அலமாரி என்று நாம் அவர்களிடமிருந்து வாங்கிய சொற்கள் நடுநடுவே காதில் விழும், மற்றதெல்லாம் ஓசைதான். முதல் மூன்று நாள் எரிச்சலாக இருந்தது. அதன் பிறகு, சொல் புரியாததாலேயே வேறு விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கின: நோயாளி உள்ளே வந்து உட்காரும் வரை மருத்துவர் கணினியைத் தொடாமல் இருப்பது, அவர் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம், எழுந்து கதவருகே போன பிறகு ஒரு பெண் திரும்பி நின்று சொன்ன ஏதோ ஒன்றுக்காக மருத்துவர் மறுபடி அவளை உட்காரவைத்தது. அவள் என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன். கணவன் அடிக்கிறான் என்பதை, முழங்கால் வலிக்கு மருந்து வாங்கிய பிறகு, கடைசியில்தான் சொல்லியிருக்கிறாள்.

அங்கே ஒவ்வொரு குடும்ப மருத்துவருக்கும் பெயர்ப்பட்டியல் உண்டு. ஏறத்தாழ 1,550 பேர் என்பது கணக்கு. ஆனால் தலையை மட்டும் எண்ணுவதில்லை, சிறு குழந்தையை ஒன்றரை ஆள், 75 வயதைக் கடந்தவரை இரண்டரை ஆள் என்று கணக்கில் வைக்கிறார்கள். அதே பட்டியலுக்குக் குடும்பச் செவிலியர் ஒருவரும் பொறுப்பு. குறை இல்லாமல் இல்லை, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு இன்னும் அங்கே குடும்ப மருத்துவர் கிடைக்கவில்லை. ஆனாலும், ஒரே மருத்துவரிடம் பல்லாண்டு தொடர்ந்து போவதால் என்ன நன்மை என்பதற்கு 2022இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று போதும்: 15 ஆண்டுகளுக்கு மேல் ஒரே மருத்துவரிடம் இருந்தவர்களிடையே இறப்பு, ஓராண்டு மட்டுமே இருந்தவர்களைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு குறைவு. நம் ஊரில் 'கைராசி டாக்டர்' என்று மூன்று தலைமுறையாக ஒருவரிடமே போன குடும்பங்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. அந்த மருத்துவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். நெஞ்செரிச்சலுக்கும் நேராகக் கோயம்புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது.

திரும்பி வந்த மறுவாரம் ஒடிசாவிலிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் இருமலோடு வந்தார். இத்தகையவர்களை முன்பெல்லாம் கூட வந்த மேஸ்திரியிடம் இரண்டு கேள்வி கேட்டு, மாத்திரை எழுதி அனுப்பிவிடுவேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மொழி புரியாமல் அறையின் மூலையில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். மேஸ்திரியை வெளியே அனுப்பிவிட்டு, அவருடைய அறைத்தோழரைத் தொலைபேசியில் அழைத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். மூன்று வாரமாக இருமல், எடை குறைந்திருக்கிறது, மேஸ்திரி முன்னால் சொன்னால் வேலை போய்விடும் என்று பயம். சளிப் பரிசோதனையில் காசநோய் உறுதியானது. ஊருக்குப் போனால் அங்கேயும் சிகிச்சை தொடரவேண்டுமென்று, நோயும் மருந்தும் தேதியும் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை அவர் கையில் கொடுத்தேன். இப்போது வெளியூர்த் தொழிலாளர் எல்லோருக்கும் அப்படி ஒன்று எழுதித் தருகிறேன்.

பாட்டி அடுத்த முறை வந்தபோது, "என்ன கண்ணு, அந்த ஊர்ல புதுசா என்ன மருந்து தராங்க?" என்றார். அவருக்குச் சர்க்கரை பார்த்து ஐந்து மாதம் ஆகியிருந்ததை அங்குள்ள பட்டியலைப் பார்த்து நான் தொடங்கிய பதிவேட்டில் காட்டினேன்.

இந்தத் திட்டத்தில் எனக்குள்ள ஒரே வருத்தம், நான் போய் வந்தேன், என்னிடம் யாரும் வந்ததில்லை என்பது. பரிமாற்றம் என்றால் கொடுக்கவும் வேண்டும். அதனால் என் கிளினிக்கையும் விருந்தோம்பும் இடமாகச் சேர்க்கக் கேட்டு எழுதியிருக்கிறேன். தங்க மாடியறை இருக்கிறது, அரிசியும் பருப்பும் சாப்பிடுவார்களா என்று அம்மா கேட்கிறார். நோயாளிகள் பேசும் மொழிகள் எவை என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, ஒடியா, போஜ்புரி என்று எழுதியதும் அந்தக் கட்டத்தில் இடம் தீர்ந்துவிட்டது.